பயத்தில் ஓங்கிய கையும் ரோஷத்தில் ஓங்கிய கையும்

"அவன்தான் சார் முதல்ல கை வச்சான்."

சிங்கப்பூரின் தேக்காவிலோ, டன்லப் ஸ்திரீட் பக்கத்துச் சந்திலோ, ஆர்ச்சர்ட் சாலை மதுக்கூட வாசலிலோ அடிதடி நடந்து போலிஸ் வந்து நின்றதும் இரண்டு தரப்பும் சொல்லும் வாக்கியம் இது. முதலில் அடித்தவன் குற்றவாளி, திருப்பி அடித்தவன் நிரபராதி என்ற கணக்கு நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. கணக்கின் இரண்டு பாதியும் தவறு. முதலில் அடித்தவரைச் சிங்கப்பூர்ச் சட்டம் விட்டுவிடலாம். திருப்பி அடித்தவரைச் சிறைக்கு அனுப்பலாம். இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனையோ இளைஞர்கள் வேலையையும் ஊரில் வைத்த நம்பிக்கையையும் ஒரே இரவில் இழக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் 1871ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. அதன் 102ஆம் பிரிவு, உடலுக்கு ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த கணமே தற்காப்பு உரிமை தொடங்கிவிடுகிறது என்கிறது. எதிராளி இன்னும் அடிக்காவிட்டாலும்கூட. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் இதே விதிதான்; 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 40ஆம் பிரிவில் அதைப் பார்க்கலாம். ஜமைக்காவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன பெக்ஃபர்ட் வழக்கிலும் நீதிபதிகள் இதையே சொன்னார்கள்: தாக்கப்படப் போகிறவர் முதல் அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆக, முந்தி அடிப்பதற்குச் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் அது மிகக் குறுகலான வாசல்.

அச்சம் நியாயமானதாக இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் நிதானமாக உள்ள ஒருவர் இருந்தாலும் பயந்திருப்பாரா என்பது கேள்வி. தானே விரும்பி ஏற்றிக்கொண்ட போதை இங்கே சாக்காகாது. அடுத்து, காவல்துறையின் உதவியை நாட நியாயமான வாய்ப்பு இருந்திருக்கக் கூடாது. வாய்ப்பு இருந்தும் நாடாமல் கை ஓங்கினால் தற்காப்பு உரிமை பெரும்பாலும் எழுவதே இல்லை. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் பின்வாங்கத் தேவையில்லை, நின்ற இடத்திலேயே எதிர்க்கலாம் என்ற சட்டம் உண்டு. அதைப் படங்களில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அப்படியில்லை. கடைசியாக, ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. அச்சம் தீர்ந்த நொடியில் உரிமையும் தீர்ந்துவிடும்.

நினைத்துப் பாருங்கள். ஒருவர் உடைந்த பீர் பாட்டிலோடு உங்களை நோக்கி வருகிறார். பின்னால் சுவர், ஓட வழியில்லை. பாட்டில் உங்களைத் தொடும் முன்பே நீங்கள் அவரைத் தள்ளி, கையில் ஓங்கி அடித்து, பாட்டிலைக் கீழே விழ வைக்கிறீர்கள். முதல் அடி உங்களுடையதுதான். ஆனாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் வாய்ப்பு அதிகம். இப்போது அவர் தரையில் கிடக்கிறார், பாட்டில் எட்டாத தூரத்தில் உருண்டுபோய்விட்டது. "என்னையா அடிக்க வந்த?" என்று நீங்கள் ஓர் உதை விடுகிறீர்கள். அந்த உதை தற்காப்பு இல்லை. அரை நிமிடத்துக்கு முன் பாதிக்கப்பட்டவராக இருந்த நீங்கள் இப்போது குற்றம் செய்தவர்.

முதல் அடி பயத்தில் விழுந்தது, உதை ரோஷத்தில் விழுந்தது. சட்டம் பயத்துக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது; மானத்துக்கும் ரோஷத்துக்கும் தருவதில்லை. "அம்மாவைப் பத்திச் சொன்னான்", "சாதியைச் சொல்லித் திட்டினான்", "எல்லார் முன்னாடியும் காலரைப் பிடிச்சான்" என்பவை மனத்தைக் கிழிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. சொல் எத்தனை கொடியதானாலும் அது கை ஓங்கும் உரிமையைத் தராது. கடுமையான சினமூட்டலைத் தண்டனை விதிக்கும்போது நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம், அவ்வளவுதான். வசைக்கும் மிரட்டலுக்கும் 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் தனிப் பரிகாரம் இருக்கிறது.

நீதிமன்றங்கள் இதை எப்படி அளக்கின்றன என்பதற்கு 'ஒற்றைக்கண் டிராகன்' எனப்பட்ட டான் சோர் ஜின் வழக்கு பேர்பெற்றது. 2006 பிப்ரவரியில் துப்பாக்கியோடு சிராங்கூன் அவென்யூ 4இல் உள்ள ஒரு வீட்டுக்குள் போய், குடும்பத்தைக் கட்டிப்போட்டு, வீட்டுக்காரரைச் சுட்டுக் கொன்றவர் அவர். வீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டேன் என்று வாதிட்டார். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; 2009இல் அவர் தூக்கிலிடப்பட்டார். தெருச் சண்டைக்கும் துப்பாக்கிக்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் தற்காப்புச் சட்டத்தை விரிவாக விளக்கிய அந்தத் தீர்ப்பு நம் எல்லாருக்கும் பொருந்தும்: வம்பைத் தேடிப்போய் ஆரம்பித்தவர் பிறகு தற்காப்பு என்று சொல்வது எளிதில் எடுபடாது. தற்காப்புக்காகத்தான் அடித்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அடித்தவருடையது.

'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று ஊரில் சொல்வோம். இங்கே அந்த அடியின் விலை என்ன? வேண்டுமென்றே காயம் விளைவித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். மூக்கில் விட்ட ஒரு குத்தில் எலும்பு முறிந்தால், அவ்வளவு கடுமையாக நீங்கள் நினைக்காமலிருந்தாலும், 5 ஆண்டு வரை சிறைக்கோ 10,000 வெள்ளி வரை அபராதத்துக்கோ இடமுண்டு. பாட்டில், கத்தி, சுத்தியல் போன்றவற்றைப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் சேரலாம். பொது இடத்தில் இருவர் கட்டிப் புரண்டு அமைதியைக் கெடுத்தால் அதுவே தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம். அந்தக் குற்றச்சாட்டு இருவர்மீதும் வரும்.

குத்து எங்கே போய் முடியும் என்பது குத்துகிறவர் கையில் இல்லை. சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் 2012இலும் 2013 கடைசி இரவிலும் தலா ஒரு குத்து வாங்கி விழுந்த இரண்டு 18 வயது இளைஞர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு 2014இல் நியூ சவுத் வேல்ஸ் 'ஒரே குத்து' மரணங்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. பெரும்பாலும் ஆளைக் கொல்வது கை அல்ல, தலை போய் மோதும் நடைபாதைக் கல்.

நண்பனுக்காகப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்தவர் உடலைக் காக்கவும் உங்களுக்குத் தற்காப்பு உரிமை உண்டு. நண்பனைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவருவது நல்ல செயல். ஆனால் போன் வந்ததும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவது வேறு. அடிக்கும் நோக்கத்தோடு ஐந்து பேர் சேர்ந்தாலே சட்டவிரோதக் கூட்டம்; அதில் ஒருவர் வன்முறையில் இறங்கினாலும் கலவரக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை, பிரம்படி. 2019 ஜூலை 2 அதிகாலை ஆர்ச்சர்ட் டவர்ஸில் நடந்த சண்டையில் 31 வயது இளைஞர் கத்திக் காயத்தால் இறந்தபோது, முதலில் ஏழு பேர்மீதும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. கத்தி இருந்தது ஒருவர் கையில். மற்றவர்கள்மீதான குற்றச்சாட்டுகள் பின்னர் குறைக்கப்பட்டன என்றாலும், கொலைக் குற்றச்சாட்டின் நிழலில் அவர்கள் கழித்த நாட்களை யார் திருப்பித் தர முடியும்?

லிட்டில் இந்தியாவில் இதெல்லாம் இன்னும் கனக்கிறது. 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்து பற்றிய தவறான புரிதலையும் மதுவையும் சுட்டியதோடு, தெருவிலேயே நீதி வழங்கிவிட வேண்டும் என்ற கூட்டத்தின் வேட்கையையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. நம்மைப் பற்றி அப்படி எழுதப்பட்டது வலிக்கிறது. அந்த வேட்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை, புகார் கொடுத்தால் நம் பேச்சு எடுபடாது என்ற அச்சத்திலிருந்தும் அது பிறக்கிறது என்பது என் கருத்து. 25 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது, 57 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களான லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரயிறுதியிலும் பொது விடுமுறையிலும் தடை இன்னும் நீளம்.

வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கு நீதிபதி தருவதோடு தண்டனை முடிவதில்லை. குற்றவாளி என்று தீர்ப்பானால் அனுமதி ரத்தாகி ஊருக்கு அனுப்பப்படலாம், மறுபடி வர முடியாமலும் போகலாம். வழக்கு முடியும்வரை நாட்டைவிட்டுப் போகவும் முடியாமல், சம்பாதிக்கவும் முடியாமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனின் வட்டி மட்டும் ஊரில் நிற்காமல் ஓடும்.

ஆபத்து நெருங்கினால் முதல் வேலை விலகுவது, இரண்டாவது 999. பேச முடியாத நிலையென்றால் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அடி வாங்கியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், காயத்தைப் படமெடுங்கள், எந்தக் கடை வாசலில் கேமரா இருந்தது என்று குறித்துவையுங்கள். பதிவுகள் சில நாளில் அழிந்துவிடக்கூடும். சிறு காயம் என்று போலிஸ் மேற்கொண்டு போகாவிட்டால், அரசு நீதிமன்றங்களில் நீதிபதியிடம் நேரடியாகப் புகார் கொடுக்கும் வழி இருக்கிறது. தண்டனை விதிக்கும்போது இழப்பீடு வழங்க உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தனியாக உரிமையியல் வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம். "காசு தர்றேன், கேஸை வாபஸ் வாங்கு" என்று எதிராளி வந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரணக் காய வழக்கில் சமரசம் உண்டுதான், ஆனால் போலிஸ் விசாரணை தொடங்கிய பிறகு அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞரின் ஒப்புதல் இல்லாமல் அது செல்லாது.

வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவித் தொலைபேசி 6536 2692 இரவும் பகலும் இயங்குகிறது. வேலையிழந்து காத்திருப்பவர்களுக்கு, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு கஃப் ரோடு திட்டத்தின் வழியாக 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவும் ஆலோசனையும் தருகிறது.

கைதானால், காரணத்தைக் கேட்டறியும் உரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையும் உண்டு, ஆனால் கேட்ட உடனேயே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அதற்கு முன்பே வாக்குமூலம் எடுக்கப்படலாம். தடுமாற்றத்தில் "ஆமா சார், அடிச்சேன்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். பயந்துதான் அடித்தீர்கள் என்றால், எதைக் கண்டு பயந்தீர்கள், அவர் கையில் என்ன இருந்தது, ஏன் விலகிப்போக முடியவில்லை, எப்போது நிறுத்தினீர்கள் என்பதை அங்கேயே சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்ட பின் எடுக்கும் வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்ட காரணத்தை நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னால், நீதிபதி நம்பத் தயங்கலாம். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதும் தாளில் இருப்பதும் ஒன்றில்லை என்று தோன்றினால், திருத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.