முதலில் மூப்பது ரப்பர்

கிளமெண்டி அவென்யூ 3 பக்கத்து வீவக பல மாடி கார் நிறுத்துமிடங்களில் புத்தம் புது மின்கார்களுக்கு நடுவே 2007-லோ 2008-லோ பதிவான ஒரு மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், ஒரு பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் கண்ணில் படுவதுண்டு. பளபளப்பு குறைந்திருக்காது. தோல் இருக்கைகளும் கெட்டியாகவே இருக்கும். விலையை விசாரித்தால், புதிதாக விற்றபோது இருந்ததில் சிறு பங்குதான். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம், அந்தக் காரில் எதற்கு வயதாகியிருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும்.

முதலில் காசு. 1990 மே மாதம் நடப்புக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் காரை வைத்துக்கொள்ள, முந்தைய மூன்று மாத ஏலங்களின் சராசரித் தொகையைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பத்தாண்டுக்கு முழுத் தொகை, ஐந்தாண்டுக்குப் பாதி. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளிவரை ஏறியது. ஆகவே சந்தையில் ‘சிஓஇ கார்’ என்று விற்கப்படும் பழைய சொகுசுக் காருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு எஞ்சியிருக்கும் சான்றிதழ் மாதங்களுக்குப் போகிறது. புதுப்பித்த காரைப் பின்னால் பதிவுநீக்கும்போது கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வரும் சலுகையும் கிடையாது. சாலை வரியும் ஏறுகிறது. 3,498 சிசி எஞ்சினுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,164 வெள்ளி. பத்து வயதைத் தாண்டியதும் 10 விழுக்காட்டில் தொடங்கும் கூடுதல் வரி, பதினான்கு வயதுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கும். அப்போது கட்ட வேண்டியது ஏறத்தாழ 4,746 வெள்ளி.

இனி வயது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். சிங்கப்பூரில் உப்பு தூவுவதில்லை. அதனால் உடல் பிழைத்துக்கொள்கிறது. ஒழுங்காக எண்ணெய் மாற்றிய எஞ்சினின் உலோகப் பாகங்களும் பதினைந்து ஆண்டைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே கிழடு தட்டுவது ரப்பர், நுரை, பிளாஸ்டிக். வெப்பம் ஏற ஏற வேதிவினைகள் எப்படி விரைவுபடுகின்றன என்பதற்குச் சுவீடன் வேதியியலர் அரேனியஸ் 1889-ல் ஒரு சமன்பாடு தந்தார். வெப்பநிலை 10 பாகை கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற கைக்கணக்கும் உண்டு. எஸ்-கிளாஸ் உருவாகும் ஸ்டுட்கார்ட் பகுதியின் ஆண்டுச் சராசரி 10 பாகையை ஒட்டியது; நம்முடையது 28 பாகைக்குச் சற்றுக் கீழே. அந்தக் கணக்குப்படி, சும்மா நிற்கும் காரின் ரப்பர்கூட இங்கே மூன்று மடங்கு வேகத்தில் மூப்படைகிறது. பதிவுச் சீட்டில் பத்து வயது என்றிருந்தாலும் ரப்பருக்கு அதைவிட அதிகம்.

இதற்கு நல்ல சாட்சி காற்று வில். 1998-ல் வந்த டபிள்யூ220 எஸ்-கிளாஸில் மெர்சிடிஸ் எஃகுச் சுருள்வில்லை எடுத்துவிட்டு ‘ஏர்மாட்டிக்’ என்ற காற்று வில்லை வைத்தது. அடுத்த தலைமுறை டபிள்யூ221-லும் அது தொடர்ந்தது. நூலிழை பொதிந்த ரப்பர் உறைக்குள் அழுத்தக் காற்று. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அந்த உறை மடிந்து மடிந்து விரியும். மிதப்பது போன்ற அந்தப் பயணச் சுகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் மடிப்பு விழும் இடத்தில் ரப்பர் வறண்டு மயிரிழை வெடிப்பு காணும், காற்று கசியும். கசிவை ஈடுகட்டக் காற்றழுத்தி அடிக்கடி ஓடும். அது உறிஞ்சுவதோ சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர்க் காற்று. ஈரத்தை வாங்கிக்கொள்ளும் உலர்த்திக் குருணைகள் நனைந்து செயலிழக்கும், ஈரம் வால்வுக்குள் போகும். கடைசியில் காற்றழுத்தியும் சூடேறிக் கருகும். ஒரு வெடிப்பில் தொடங்கியது மூன்று பாகங்களின் செலவாக முடிகிறது.

பிஎம்டபிள்யூ பக்கம் கதை எஞ்சினுக்குள் நடக்கிறது. 2001-ல் வந்த ஈ65 7 சீரிஸின் என்62 வி8 எஞ்சினில், வால்வுத் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் சிறு ரப்பர் வளையங்கள் உண்டு. சூட்டில் அவை இறுகிவிட்டால் எண்ணெய் இறங்கி எரியும். சிவப்பு விளக்கில் நெடுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது பின்னால் நீலப் புகை எழும். வளையத்தின் விலை சொற்பம். அதை எட்டுவதற்கு எஞ்சினின் மேற்பகுதியைப் பிரிக்கும் கூலிதான் பெரிது. பழைய சொகுசுக் காரின் பொருளாதாரமே இதுதான்: காரின் விலை இறங்கும், பாகங்களின் விலையும் கூலியும் இறங்குவதில்லை.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888-ல் அந்தத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்ரி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கே வகுத்தார். பிறகு மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து அந்தப் பாலை இறக்கியவர்களில் பலர் நம் தமிழர்கள். உலகின் கார்ச் சக்கரங்கள் அவர்கள் உழைப்பில் உருண்டன.

விளம்பரத்தில் ‘குறைவாக ஓடிய கார்’ என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். டயர் ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் காப்பு வேதிப்பொருள்களும் ஓடும்போது வளைந்து நெளிந்துதான் மேற்பரப்புக்கு வந்து ஓசோனைத் தடுக்கின்றன. ஓடாமல் நின்ற டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழும். பக்கச்சுவரில் ‘டாட்’ குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரம் செய்தது. பிரேக் திரவமும் அப்படித்தான், நின்றபடியே காற்றின் ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். தொட்டால் பிசுபிசுக்கும் பொத்தான்களும் தொங்கும் கூரைத்துணியும் ஈரமும் வெப்பமும் பாலியூரித்தேனைச் சிதைத்த அடையாளம். செலவு குறைவு, கார் எப்படி வாழ்ந்தது என்பதற்கு நல்ல சான்று.

வாங்கப் போகிறவர் விடியற்காலையில், இரவு முழுக்க நின்ற காரைப் போய்ப் பாருங்கள். உரிமையாளர் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், டயருக்கும் மேல்வளைவுக்கும் இடையே நான்கு மூலையிலும் விரல்களை விட்டு அளந்து பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது. கிளப்பியதும் காற்றழுத்தியின் முனகல் சீக்கிரம் அடங்க வேண்டும். கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டு, பின் முடுக்கிப் புகையைக் கவனியுங்கள். புக்கிட் பாத்தோக் விக்கம் போன்ற வாகனச் சோதனை நிலையங்களில், பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய சீட்டு மட்டும் போதாது. சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ அந்த மாடலையே பார்க்கும் பட்டறையில் காரைத் தூக்கிவைத்து அடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

என் தீர்ப்பு இது. காற்று வில்களும் ரப்பர்ப் பாகங்களும் அண்மையில் மாற்றப்பட்டதற்கு ரசீது இருந்து, சிஓஇ பத்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தால், பழுதுக்கென்று தனியாகப் பணம் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். ரசீது இல்லாத கார், எவ்வளவு மின்னினாலும், வேண்டாம்.