பெயர்கள் எங்கே போகின்றன?

முதலில் ஒரு சிறு சோதனை. உங்கள் பெயரைச் சொல்லுங்கள். சரி. அப்பாவின் பெயர்? தாத்தாவின் பெயர்? தாத்தாவுடைய அப்பாவின் பெயர்? அவருக்கும் அப்பாவின் பெயர்?

முதல் மூன்று கேள்விகளுக்கு உடனே விடை சொல்லியிருப்பீர்கள். நான்காவதில் கொஞ்சம் தயங்கியிருப்பீர்கள். ஐந்தாவதில் பெரும்பாலோர் நின்றுபோயிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், உங்கள் ஆசிரியரைக் கேட்டாலும் இதே கதைதான்!

அந்த ஐந்தாவது மனிதரும் ஒரு காலத்தில் ஊரில் நடமாடியவர்தான். அவரையும் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். அந்தப் பெயர் எங்கே போயிற்று? பெயர்கள் ஏன் மறைகின்றன? சில பெயர்கள் மட்டும் எப்படிப் பெருகுகின்றன? இது வெறும் கதைப் பேச்சு அல்ல. நல்ல கணக்கு ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது.

பெயரை எண்ணிய இயற்கை அறிஞர்

இங்கிலாந்தில் தந்தையின் குடும்பப் பெயரே மகனுக்கும் வரும். மகனிடமிருந்து பேரனுக்கும் போகும். பல நூற்றாண்டுகளாக அங்கே இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. ஆகவே ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து போகலாம்.

அப்படி நடந்து பார்த்தவர்களில் ஒருவர் ஹென்றி கப்பி. இவர் ஓர் இயற்கை அறிஞர். பசிபிக் தீவுகளில் தாவரங்கள் எப்படிப் பரவின என்று ஆராய்ந்தவர். தாவரத்தைப் போலவே பெயருக்கும் ஒரு தாய்மண் இருக்குமல்லவா? அந்தத் தாய்மண்ணைத் தேடி அவர் எழுதிய நூல் 1890-இல் வெளிவந்தது.

யாருடைய பெயர்களை எண்ணுவது? கப்பி விவசாயிகளைத் தேர்ந்தெடுத்தார். ஏன் தெரியுமா? நகரத்து வியாபாரி இடம் மாறுவான். தொழிலாளி வேலையைத் தேடிப் போவான். நிலத்தை உழுபவரோ தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் இருப்பார். எனவே பழைய பெயர்கள் பழைய இடத்திலேயே கிடைக்கும்.

இன்னொரு நுட்பமும் அவரிடம் இருந்தது. பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று அவர் கணக்கிட்டார். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். 400 பேர் வாழும் ஒரு கிராமத்தில் ஒரே பெயருடன் 8 பேர் இருக்கிறார்கள். 40,000 பேர் வாழும் ஒரு நகரில் அதே பெயருடன் 40 பேர். எங்கே அந்தப் பெயர் அதிகம்? நகரில்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பத்தாயிரத்துக்குக் கணக்கிட்டால் கிராமத்தில் 200. நகரில் வெறும் 10. அந்தப் பெயரின் வீடு கிராமம்தான். நகரத்தில் இருப்பவர்கள் விருந்தாளிகளாக இருக்கக்கூடும்!

பூவா? தலையா?

பெயர் பரவுவதைப் பார்த்தோம். மறைவது எப்படி?

புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் பல காலப்போக்கில் காணாமற் போவதைக் கண்டார் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி. அந்தக் குடும்பங்கள் நலிந்துவிட்டதால் இப்படி நேர்கிறதா? அல்லது வெறும் தற்செயலா? 1873-இல் இதை ஒரு கணக்காக்கிப் பத்திரிகையில் வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு விடை தேடினார். அவர் கணிதத்திலும் தேர்ந்தவர். 1874-இல் இருவருடைய கட்டுரையும் வெளிவந்தது.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு நாணயமும் ஒரு நோட்டும் போதும். 20 வெவ்வேறு குடும்பப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆண். ஒவ்வோர் ஆணுக்கும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். நாணயத்தை இருமுறை சுண்டுங்கள். தலை விழுந்தால் மகன். பூ விழுந்தால் மகள். இங்கிலாந்து வழக்கப்படி மகன் மட்டுமே பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போவான்.

இரண்டு முறையும் பூ விழுந்தால்? அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது! நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இதற்கு உண்டு. மிஞ்சிய மகன்களுக்கும் இதேபோல் நாணயத்தைச் சுண்டிக்கொண்டே போங்கள்.

100 பெயர்களுடன் தொடங்கினால் சராசரியாக என்ன ஆகும்? ஒரு தலைமுறை கழிந்ததும் 75 பெயர்கள் இருக்கும். இரண்டாம் தலைமுறையில் 61, மூன்றில் 52, ஐந்தில் 40. பத்தாம் தலைமுறையில் 26 பெயர்கள்தான் மிஞ்சும்.

இதில் வியப்பு என்னவென்றால், ஆண்களின் எண்ணிக்கை சராசரியாக அதே 100-தான். யாருக்கும் நோயில்லை, பஞ்சமில்லை, போரில்லை. ஆனாலும் நான்கில் மூன்று பங்கு பெயர்கள் போய்விட்டன. மிஞ்சிய 26 பெயர்களை அந்த 100 பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆக, ஒரு பெயர் மறைந்துவிட்டது என்பதற்காக அந்தக் குடும்பம் தாழ்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவர்களின் மகள்களும் பேத்திகளும் வேறு பெயரில் நலமாக வாழ்ந்துகொண்டிருக்கலாம்!

எல்லாப் பெயர்களுமே ஒருநாள் அழிந்துவிடும் என்று வாட்சன் முடிவு கட்டினார். அது தவறு. ஒரு தந்தைக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட மகன்கள் இருந்தால் சில பெயர்கள் என்றும் நிலைக்க வாய்ப்புண்டு என்று பிற்காலக் கணித அறிஞர்கள் காட்டினர். பிரெஞ்சு அறிஞர் பியனேமே இந்த உண்மையை 1845-லேயே கண்டிருந்தார்! பெயர்களில் தொடங்கிய இந்தக் கணக்கு பிறகு எங்கெல்லாம் போயிற்று தெரியுமா? அணுக்கருவைப் பிளக்கும் நியூட்ரான்கள் பெருகுவதையும், தொற்றுநோய் ஒருவரிடமிருந்து பலருக்குப் பரவுவதையும் கணக்கிட இன்று இதுவே உதவுகிறது.

அரிய பெயரின் பெருமை

நம் நாணய ஆட்டத்தில் ஒரு பெயரை ஓர் ஆள் மட்டும் தாங்கினால், பத்துத் தலைமுறைக்குள் அது மறையும் வாய்ப்பு 100-க்கு 74. அதே பெயரைத் தொடக்கத்தில் 10 பேர் தாங்கியிருந்தால், வாய்ப்பு 100-க்கு 5 மட்டுமே. அரிய பெயருக்குத்தான் ஆபத்து அதிகம். பெரிய பெயர்கள் மேலும் பெரிதாகின்றன. தென்கொரியாவில் இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 'கிம்' என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆனால் அரிய பெயருக்கு ஒரு பெருமையும் உண்டு. பொதுவான பெயர் எதையும் காட்டிக் கொடுக்காது. அரிய பெயரோ ஊரையும் உறவையும் சொல்லிவிடும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. இங்கிலாந்தின் குடும்பப் பெயரும் அப்படித்தான். சைக்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஆண்களை ஆராய்ந்து 2000-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் அவர்கள் என்பது இதன் பொருள். பெயர் எவ்வளவு அரியதோ அவ்வளவுக்கு இந்த ஒற்றுமை கூடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

கல்வராயன் மலையில்

இந்த ஆராய்ச்சியை நம் ஊரில் செய்ய முடியுமா? கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறுங்கள். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை வரும். இது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இவர்கள் கேரளத்தவர் அல்லர். மலையில் வாழ்பவர் என்பதே இச்சொல்லின் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பதும் அவர்களிடையே வழங்கும் கதை.

கப்பி உயிரோடிருந்தால் இந்த மலையை விரும்பியிருப்பார். தலைமுறைகளாக ஒரே மண்ணில் உழும் மக்கள் அல்லவா! ஆனால் ஒரு சிக்கல். இங்கே இங்கிலாந்தைப் போன்ற குடும்பப் பெயர் கிடையாது. 'கவுண்டர்' என்ற பட்டம் உண்டு. அதுவோ மலையிலும் சமவெளியிலும் பல்வேறு சமூகத்தார் தாங்கும் பட்டம். பரவலான பெயர் எதையும் காட்டிக் கொடுக்காது என்று இப்போதுதானே பார்த்தோம்!

பெயர் நிலத்தில் ஒட்டிக்கொண்ட கதையும் இங்கே உண்டு. இம்மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கம் பரம்பரைத் தலைவர்களின் ஜாகிர்களாக இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று அவர்கள் பெயராலேயே அப்பகுதிகள் வழங்கின. 1976-இல் ஜாகிர் முறை முடிவுக்கு வந்தது. நிலத்தை ஆண்டவரின் பெயர் ஏட்டில் நிலைத்தது. அதே நிலத்தை உழுதவரின் பெயர்? அதைத் தேட ஏடு இல்லை. பாட்டி தாத்தாக்களின் நினைவுதான் உண்டு.

ஏட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. சடையன் என்ற பெயர் ஆங்கில ஏடுகளில் 'ஜடையன்' என்றும் எழுதப்பட்டது. கல்வராயன் மலையே 'கல்ராயன்' என்றும் எழுதப்படுகிறது! இதை அறியாமல் எண்ணினால் ஒரு பெயர் இரண்டு அரிய பெயர்களாகத் தோன்றும். கணக்கு மட்டுமா தவறும்? ஒரு சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருந்தால் படிக்கிற பிள்ளைக்குத்தான் அலைச்சல்.

பேரன் என்றால் என்ன?

குடும்பப் பெயர் இல்லாததால் நம் பெயர்கள் தொலைந்தே போகுமா? அப்பாவின் பெயர் தலைப்பெழுத்தாக நம்மோடு வருகிறது. அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. ஆனால் நம் முன்னோர் வேறொரு வழி வைத்திருந்தனர். 'பேரன்' என்ற சொல்லைப் பாருங்கள். 'பெயரன்' என்பதே பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பேத்திக்குப் பாட்டியின் பெயர். மாமனார் மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று, வீட்டில் கூப்பிட வேறு பெயர் வைப்பதும் உண்டு!

இந்த வழக்கத்தைக் கணக்கில் சோதிப்போம். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு இரண்டிரண்டு பிள்ளைகள். ஆக நான்கு பேரக் குழந்தைகள். மகனுடைய பிள்ளையோ மகளுடைய பிள்ளையோ, ஒரு பையனாவது பிறந்து தாத்தா பெயரைத் தாங்கினால் போதும். நால்வரும் பெண்களாகப் பிறக்கும் வாய்ப்பு 16-க்கு 1. அதாவது 100-க்கு 6. இங்கிலாந்து முறையில் இரண்டு தலைமுறைக்குள் பெயர் போகும் வாய்ப்பு 100-க்கு 39! மகள் வழியையும் சேர்த்துக்கொண்டதால் நம் வழக்கம் பெயரை நன்றாகவே காத்தது. பெண்களின் பெயர்களும் பிழைத்தன.

பெயர் வைத்தால்தானே இந்தக் கணக்கு பலிக்கும்? இன்று புதிய பெயர்களைத் தேடி வைக்கிறோம். அது தவறல்ல, அவரவர் விருப்பம். ஆனால் தாத்தா பாட்டிகளின் பெயர்கள் நாணயம் சுண்டாமலேயே மறைகின்றன என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்!

உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் தாத்தாக்கள், பாட்டிகள் நால்வரின் பெயர்களையும் கேட்டு எழுதி வரட்டும். முடிந்தால் அவர்களுடைய பெற்றோரின் பெயர்களையும் கேளுங்கள். அவர்கள் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். சாதியோ குலமோ கேட்க வேண்டாம். பெயரும் ஊரும் போதும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

இப்போது மூன்று பட்டியல்கள் போடுங்கள்: மாணவர் பெயர்கள், தாத்தா பாட்டி பெயர்கள், அவர்களின் பெற்றோர் பெயர்கள். பெயர்களை ஒரே எழுத்துமுறைக்குக் கொண்டுவந்து எண்ணுங்கள். எந்தப் பெயர் மூன்றிலும் இருக்கிறது? எது கடைசிப் பட்டியலோடு நின்றுவிட்டது? எந்தப் பெயர் ஒரே ஊரில் குவிந்திருக்கிறது? மலைப் பள்ளியும் சமவெளிப் பள்ளியும் பட்டியலை மாற்றிக்கொண்டால் இன்னும் சுவையாக இருக்கும்.

இன்று மாலையே தாத்தாவின் பக்கத்தில் உட்காருங்கள். "தாத்தா, உங்க தாத்தா பேர் என்ன?" என்று கேளுங்கள். அந்தப் பெயரை அறிந்த கடைசி மனிதர் அவராக இருக்கலாம். நோட்டில் எழுதிவிட்டால், அவருக்கு அடுத்தபடி நீங்கள்!