வேலியோரத் தழையும் முயலின் வயிறும்

முயல் வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அது தீவன மூட்டையின் விலையில்தான் போய் நிற்கும். செலவில் பாதிக்கு மேல் அந்த மூட்டைக்கே போகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் கூரம் தொடங்கி உத்திரமேரூர் வரை, வரப்பிலும் வேலியிலும் அகத்தி, முருங்கை, சவுண்டல், கிளைரிசிடியா எல்லாம் காசில்லாமல் தழைத்து நிற்கின்றன. ஆட்டுக்கு ஒடித்துப் போடும் தழையை முயலுக்கும் போடலாமே?

போடலாம். ஆனால் முயல் ஒன்றும் சின்ன ஆடு அல்ல.

ஆடு முதலில் நொதிக்க வைத்து, பிறகு செரிக்கிறது. முயலுக்கு அசைபோடும் வயிறு கிடையாது. சிறுகுடலைத் தாண்டி 'சீக்கம்' என்ற பெரிய பை ஒன்று இருக்கிறது, நொதித்தல் அங்கேதான். முரட்டு நாரைச் செரிக்க முயல் மெனக்கெடுவதே இல்லை, புழுக்கையாக்கித் தள்ளிவிடுகிறது. நுண்துகள்களையும் சாற்றையும் மட்டும் பைக்குள் திருப்பி அனுப்பி, நுண்ணுயிர்களிடம் ஒப்படைக்கிறது. அங்கே உருவாகும் மென்மையான, சளி போர்த்திய இன்னொரு வகைப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்து மெல்லாமல் விழுங்கும். நுண்ணுயிர் தயாரித்த புரதமும் பி வகை வைட்டமின்களும் அதில் இருக்கின்றன. புதிதாக வளர்ப்பவர்கள் பார்த்துப் பதறுவார்கள், நோய் ஒன்றுமில்லை.

ஆகவே வைக்கோலால் முயலுக்குப் பெரிய போஷாக்கு கிடைக்காது. இலை வேறு. அகத்தி, முருங்கைத் தழைகளின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம்; மல்பெரியும் அதிகம் பின்தங்கவில்லை. இலைப் புரதத்தை முயல் நன்றாகவே செரிக்கிறது. செரிக்காத நாரும் வீணல்ல, குடலை ஓட வைப்பதே அதுதான். நார் குறைந்தால் கழிச்சல் வரும்.

சிக்கல் சவுண்டலில். சூபாபுல் என்று ஊர் ஊராக நட்ட அதே மரம். புரதம் ஏராளம், கூடவே மைமோசின் என்ற நச்சும் உண்டு. அளவு மீறினால் முடி கொட்டும், வளர்ச்சி குன்றும். ஆஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகள் அவதிப்பட, ஹவாய்த் தீவு ஆடுகளோ ஜோராக இருந்தன. காரணம் அவற்றின் வயிற்றிலிருந்த பாக்டீரியா என்று ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். 1992-இல் அதற்கு 'சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சி' என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றில் அதைக் குடியேற்றி அவற்றை மீட்டதெல்லாம் சரி; அசைபோடும் வயிறு இல்லாத முயலுக்கு அந்த வழி அடைப்பு. எனவே சவுண்டலைக் கொஞ்சமாக, மற்ற தழைகளோடு கலந்துதான் போட வேண்டும். கிளைரிசிடியாவின் வாடை முதலில் பிடிக்காது. வாட வைத்துக் கொடுத்துப் பழக்கலாம். அரளி, எருக்கு, உண்ணிச்செடி கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

மழையில் நனைந்த தழையை அப்படியே போடுவது வயிற்று உப்புசத்துக்கு அழைப்பு. ஈரம் போக நிழலில் உலர்த்தி, கூண்டில் கட்டித் தொங்கவிட்டால் மிதிபடாது. தழை கிடைக்கிறது என்பதற்காக மூட்டையில் வரும் அடர்தீவனத்தை அடியோடு நிறுத்திவிட முடியாது. பாலூட்டும் தாய்க்கும் வளரும் குட்டிக்கும் வெறும் தழையின் ஆற்றல் பற்றாது. தழையை நாள்பட மெல்லக் கூட்டுவதே முறை. திடீர் மாற்றத்தைச் சீக்கத்து நுண்ணுயிர்கள் தாங்காது.

கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல்களை வளர்க்கிறது. அங்கே குளிர், இங்கே சித்திரை வெயில். முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் பெரிதும் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். பகலில் வைத்த தழை அப்படியே கிடந்தால் இலையின் மேல் பழி போட வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு வைத்தால் இரவில் தின்றுவிடும்.