புறாத்தீவின் முருகைக்கற்களும் கலங்களின் கணக்கும்

நிலாவெளிக் கரைக்கு அப்பால் உள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1998இல் கடல் சூடேறியபோது இலங்கையின் தெற்கு, மேற்குக் கரையோரங்களில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. திருகோணமலைக் கடலில் இருந்தவை பெரும்பாலும் தப்பின. இனிவரும் வெப்பத்தையும் அவை தாங்குமா? இதற்கான விடையின் ஒரு பகுதி முருகை உயிரியின் கலங்களுக்குள் நடைபெறும் ஒரு கணக்கில் அடங்கியுள்ளது.

கலத்திலுள்ள மரபணுக்கள் அனைத்தும் எந்நேரமும் இயங்குவதில்லை. வேண்டியவை மாத்திரமே பிரதியெடுக்கப்பட்டுப் புரதங்களாகின்றன. இக்கட்டுப்பாட்டின் அடிப்படையை 1961இல் பிரான்சிய விஞ்ஞானிகளான ஜேக்கப், மொனோ ஆகியோர் பற்றீரியாவைக் கொண்டு விளக்கினர். இதனைக் கணிதமாக்குவது கந்தளாய்க் குளத்தின் நீர்மட்டத்தைக் கணிப்பதற்கு ஒப்பானதாகும். அங்கே வரும் நீரும் வெளியேறும் நீரும் மட்டத்தை நிர்ணயிக்கின்றன. இங்கே பிரதிகள் உருவாகும் வேகமும் சிதையும் வேகமும் அவற்றின் அளவை நிர்ணயிக்கின்றன.

சூழல் மாறும்போதுதான் சிக்கல் எழுகின்றது. பாதுகாப்பு மரபணுக்களை எப்போதும் இயக்கினால் சக்தி விரயமாகும். ஆபத்து வந்த பின்னர் இயக்கினால் காலம் தாழ்ந்துவிடும். எது நன்மை என்பது சூழல் எவ்வளவு அடிக்கடி மாறுகின்றது என்பதைப் பொறுத்தது. கலங்களால் விரைவாக மாற இயலாதபோது, அவற்றில் ஒரு பகுதி வேறு நிலையில் காத்திருப்பதே கூட்டத்தின் வளர்ச்சிக்கு உகந்தது என, தற்போது பெங்களூரு தேசிய உயிரியல் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்தவரான முகுந்த் தட்டையும் வான் ஊடெனார்டனும் 2004இல் வெளியிட்ட கணித மாதிரி காட்டியது. மழை நிச்சயமற்ற ஆண்டில் காணி முழுவதிலும் ஒரே பயிரை இடாத விவசாயியின் முன்யோசனையும் இத்தகையதே.

முருகைகளில் இன்னொரு வழியும் காணப்பட்டது. அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில், வெப்பம் கடுமையாக ஏறியிறங்கும் கடற்குட்டையில் வாழும் முருகைகளில் சுமார் 60 மரபணுக்கள் வெப்பத் தாக்கத்துக்கு முன்னரே உயர்ந்த மட்டத்தில் இயங்குவது 2013இல் அறியப்பட்டது.

புறாத்தீவின் முருகைகள் எவ்வழியைக் கையாளுகின்றன என்பதை அறிய, கடலின் வெப்பநிலை தொடர்ச்சியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அருகிலேயே உள்ளது. உயிரியலும் கணிதமும் பயில்வோர் இப்பணியில் கைகோர்க்க வேண்டும் என்பதே எமது விருப்பம். எனினும் மரபணுக்களின் ஆயத்தத்துக்கும் எல்லை உண்டு. பார்வையாளர்களின் காலடியில் முருகைகள் நொறுங்குவதைத் தடுக்க எந்தக் கணித மாதிரியும் தேவையில்லை. அது நமது கடமை.