டவரை விற்பதா, கூட்டு சேர்வதா? ஏர்செல் சொல்லும் பாடம் என்ன?

2018 பிப்ரவரி. தமிழ்நாட்டில் பல இடங்களில் ஏர்செல் சிக்னல் திடீரென காணாமல் போனது. வேறு நெட்வொர்க்குக்கு மாற 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாத போனில் மெசேஜ் எப்படிப் போகும்? கடன், கட்டணப் போட்டி, டவர் நிறுவனங்களுடன் பணத் தகராறு என எல்லாம் சேர்ந்து நெருக்க, அந்த மாத இறுதியில் ஏர்செல் திவால் நடவடிக்கையை நாடியது.

டவர் யாருடையது?

2010-ல் ஏர்செல் தன்னுடைய சுமார் 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ரா நிறுவனத்துக்கு ரூ.8,400 கோடிக்கு விற்க ஒப்புக்கொண்டது. கையில் மொத்தமாகப் பணம் வந்தது. ஆனால் சொந்த வீட்டை விற்று அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிற கதைதான். வருமானம் குறைந்தாலும் வாடகை குறையாது. வாங்கியவரும் தப்பவில்லை, 2011-லேயே ஜிடிஎல் கடன் சீரமைப்புக்குப் போனது.

கூட்டு சேர்ந்தால்?

2007-ல் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் சேர்ந்து இண்டஸ் டவர்ஸைத் தொடங்கின. பங்கு 42, 42, 16 சதவீதம். ஒரே டவரில் மூவரின் ஆன்டெனாவும் இருந்தால் இடம், பேட்டரி, ஜெனரேட்டர் செலவு பிரிந்துவிடும். வாடகை கொடுப்பவரே பங்குதாரர் என்பதால் முடிவுகளில் அவருக்கும் குரல் உண்டு. அதற்காகப் பாக்கி வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

தேவாரத்துக்கு என்ன சம்பந்தம்?

தேவாரம், போடி, கம்பம் பக்கமிருந்து ஜீப் ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். மலை சிக்னலை மறைப்பதால் இங்கே டவர் அதிகம் வேண்டும், வாடிக்கையாளரோ குறைவு. லாபத்துக்கு நடக்கும் டவர் கம்பெனி, இரண்டாவது வாடகைதாரர் கிடைக்கிற ஊரைத்தான் முதலில் பார்க்கும்.

2021-ல் மத்திய அரசு வெளியிட்ட சொத்துப் பணமாக்கல் பட்டியலில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் நிறுவனங்களின் 14,917 டவர்கள் இடம்பெற்றபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

அப்போ எது சரி?

கடனை அடைத்து, மீதிப் பணத்தை நெட்வொர்க்கில் போட முடிந்தால் விற்பனை கைகொடுக்கும். வட்டி கட்டவே விற்றால் மூச்சு வாங்க கொஞ்ச காலம் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டில் எதுவானாலும் விலையை மட்டும் பேசினால் போதாது. வாடகை நின்றால் சேவையை எத்தனை நாள் தொடர வேண்டும், லாபம் தராத மலை டவரை யார் பராமரிப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு கம்பெனிகளுக்குள் முடிந்துவிடும். சிக்னல் போவது வாடிக்கையாளருக்குத்தான்.