தொலைநகல் மென்பொருள் வாங்க வேண்டுமா?

2007இல் படுவான்கரையை விட்டு எழுவான்கரைக்கு வந்த விவசாயக் குடும்பங்களுக்கு வயல் ஓரிடம், இருப்பிடம் வேறிடம் என்றாயிற்று. போரதீவுப்பற்றில் காணியுள்ளவர் தேற்றாத்தீவில் தங்கியிருந்தால், காணிப் பத்திரத்தின் பிரதியை வெல்லாவெளிப் பிரதேச செயலகத்துக்கு எவ்வாறு சேர்ப்பது? பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கிய கணனி வீட்டில் இருந்தால், தொலைநகல் மென்பொருள் ஒன்றையும் வாங்கலாமே என எண்ணத் தோன்றும். பணம் கொடுக்குமுன் சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது.

தொலைநகல் எவ்வாறு செல்கிறது? கடதாசியிலுள்ள கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் ஒலியாக மாறித் தொலைபேசி இணைப்பின் வழியே செல்கின்றன. மறுமுனையில் அவ்வொலி மீண்டும் எழுத்தாகிறது. கணனியில் இம்மாற்றத்தைச் செய்வது மோடம் என்னும் கருவி. ஆகவே மென்பொருள் மட்டும் போதாது. மோடமும், வீட்டுத் தொலைபேசி இணைப்பும், பத்திரத்தைப் படியெடுக்க ஸ்கானரும் வேண்டும். இக்காலக் கணனிகள் பெரும்பாலானவற்றில் தொலைபேசி மோடம் இல்லை. இவையெல்லாம் இருப்பின், விண்டோஸின் பல பதிப்புகளில் தொலைநகல் அனுப்பும் வசதி இலவசமாகவே உண்டு. மோடம் இன்றி இணையம் வழியே அனுப்பும் சேவைகளும் உள்ளன. அவற்றிற் பலவற்றுக்கு மாதக் கட்டணம் செலுத்த வேண்டும்.

அடுத்து, பெறுபவரிடம் கேளுங்கள். மின்னஞ்சலை ஏற்பதாயின், கைத்தொலைபேசியில் எடுத்த தெளிவான படமே போதுமாகலாம். தொலைநகல்தான் வேண்டுமென்றால், வருடத்தில் இரண்டு மூன்று தடவைக்கு அவ்வசதியுள்ள கடையை நாடுவதே சிக்கனம்.

காணி விடயத்தில் மேலும் கவனம் தேவை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட மதிப்பு வழங்கியது. எனினும் மரண சாசனமும் காணி விற்பனை ஒப்பந்தமும் அதில் அடங்கா. தொலைநகலில் சென்ற உறுதி வெறும் பிரதியே. மூலத்தை எவரிடமும் விட்டுவிடாதீர்கள். "அனுப்பப்பட்டது" எனக் கணனி காட்டுவது, மறுமுனை இயந்திரம் பெற்றதற்கே சாட்சி. உத்தியோகத்தர் வாசித்ததற்கு அல்ல. பெற்றுக்கொண்டதை எழுத்தில், திகதியுடன் கேட்டு வாங்குங்கள்.

இன்னுமொன்று. பழைய தொலைநகல் இயந்திரங்கள் பல, வழவழப்பான வெப்பத்தாளில் அச்சிட்டன. அவ்வெழுத்து வெப்பத்திலும் வெளிச்சத்திலும் மங்கி மறைந்துவிடும். காணி சம்பந்தமாக முன்னர் வந்த அத்தகைய தாள் உங்கள் பெட்டியில் இருந்தால், எழுத்துத் தெரியும்போதே போட்டோப்பிரதி எடுத்து வையுங்கள். மென்பொருளுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கே அதற்குச் செலவாகும்.