கே. பி. சுந்தராம்பாள்: துறவும் கலையும்

நாடக மேடையில் குரலே நடிப்பாய் நின்ற காலத்திற்குச் சான்றாவார் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் (1908–1980). எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்துப் புகழ்பெற்ற இவர், அவரையே மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தபின் வெண்ணிற ஆடை பூண்டார்; ஆடவர்க்கு இணையாக நடிப்பதையும் துறந்தார்.

இத்துறவு அவர்தம் கலையைக் குறுக்கியதோ எனின், அன்று என்போம். 1935-இல் நந்தனாராக ஆண் வேடம் ஏற்றார். 1953-இல் ஔவையாராகவும், 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாகவும் தோன்றினார். காதற் சுவை புகாத இப்பாத்திரங்கள் இளமையையும் அணியையும் வேண்டவில்லை. குரலின் உரம் ஒன்றையே வேண்டின. 1958-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார்.

ஆதலின், இழப்பே அவர்க்குப் பாத்திரத் தேர்வின் இலக்கணமாயிற்று எனக் கருதுகின்றோம்.